அணி வாசலில் பூட்டு: அமெரிக்க ஃபுட்பால் கதவடைப்பு பற்றி ரசிகர்கள் கேட்கும் கேள்விகள்

வேலைக்காக அமெரிக்கா வந்து, திங்கட்கிழமை அலுவலகப் பேச்சில் திருதிருவென்று முழிக்காமல் இருப்பதற்காக அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் பார்க்கத் தொடங்கி, அப்புறம் விடமுடியாமல் போனவர்கள் நம்மில் நிறையப் பேர். இது கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை "அடுத்த சீசன் நடக்காதாமே" என்று ஒரு பேச்சு கிளம்பும். அப்போது வழக்கமாக வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பாலும் 2011 கதவடைப்பை வைத்தே சொல்கிறேன். அது தொடங்கி முடிந்த முழுக்கதையும் நம் கண்முன்னே நடந்தது.

கதவடைப்பும் வேலைநிறுத்தமும் ஒன்றுதானே?

இல்லை. வேலைக்கு வரமாட்டோம் என்று தொழிலாளி சொன்னால் வேலைநிறுத்தம். வராதே என்று முதலாளி வாசலைப் பூட்டினால் கதவடைப்பு. மில் இருந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1982-லும் 1987-லும் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2011-ல் பூட்டியது 32 அணிகளின் உரிமையாளர்கள். செய்திகளில் இரண்டையும் கலந்து எழுதுவார்கள், அதனால் "சம்பளம் போதாது என்று வீரர்கள் ஆட மறுக்கிறார்கள்" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 2011-ல் வீரர்கள் இருந்த ஒப்பந்தத்திலேயே தொடர்ந்து ஆடத் தயாராக இருந்தார்கள்.

அப்படியானால் 2011-ல் சண்டை எதற்கு?

பணத்தைப் பங்கு போடுவதற்கு. லீக்கின் ஆண்டு வருமானம் அப்போது சுமார் 900 கோடி டாலர். 2006-ல் போட்ட ஒப்பந்தப்படி உரிமையாளர்கள் முதலில் சுமார் 100 கோடியைச் செலவுக்கென்று எடுத்துக்கொள்வார்கள். மீதியில் ஏறத்தாழ 60 சதவீதம் வீரர்களுக்கு. அந்த ஒப்பந்தத்தை 32 அணிகளில் 30 ஏற்றன. பஃபலோவும் சின்சினாட்டியும் மட்டும் எதிர்த்து வாக்களித்தன. இரண்டே ஆண்டுகள் கழித்து, 2008 மே மாதத்தில், எல்லா உரிமையாளர்களும் சேர்ந்து அதிலிருந்து முன்கூட்டியே விலகுவதாக அறிவித்துவிட்டார்கள். மைதானம் கட்டும் செலவு ஏறிவிட்டது, இன்னொரு 100 கோடியையும் மேலாக எடுத்தால்தான் கட்டுப்படியாகும் என்றார்கள். கூடவே 16 ஆட்டங்களை 18 ஆக்க வேண்டும், புதுமுகங்களின் சம்பளத்தைக் குறைக்க வேண்டும் என்றும் கேட்டார்கள்.

புதுமுகச் சம்பள விஷயத்தில் உரிமையாளர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2010-ல் முதலில் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு, ஒரு பந்துகூட எறிவதற்கு முன்பே, 5 கோடி டாலர் உறுதிப்பணம். அடுத்த ஆண்டு அதே முதலிடத்தில் வந்த கேம் நியூட்டனுக்குப் புதிய விதிப்படி நான்கு ஆண்டுக்கு மொத்தமே 2.2 கோடிதான்.

நட்டம் என்றால் கணக்கைக் காட்ட வேண்டியதுதானே?

வீரர்கள் சங்கமும் அதைத்தான் கேட்டது. பத்து ஆண்டுக்கான தணிக்கை செய்யப்பட்ட கணக்கைக் கொடுங்கள் என்றார்கள். உரிமையாளர்கள் கொடுக்கவில்லை. அவை தனியார் சொத்துகள், காட்டவேண்டிய கட்டாயமும் இல்லை.

ஒரே ஒரு அணியின் கணக்கு மட்டும் ஊருக்கே தெரியும். விஸ்கான்சினில் ஒரு லட்சம் சொச்சம் பேர் வாழும் சிற்றூரான கிரீன் பேயின் பேக்கர்ஸ் அது. 1923 முதல் அந்த அணிக்குத் தனி முதலாளி கிடையாது, பங்கு வாங்கிய பொதுமக்கள்தான் உரிமையாளர்கள். அதனால் ஆண்டுதோறும் கணக்கை வெளியிட வேண்டியிருக்கிறது. 2010 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் அவர்களுடைய செயல்பாட்டு லாபம் 2 கோடி டாலரிலிருந்து 1 கோடிக்குச் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. "பார்த்தீர்களா, லாபம் பாதியாகிவிட்டது" என்றது லீக். "குறைந்தாலும் லாபம்தானே" என்றது சங்கம். ஒரே தாள், இரண்டு வாசிப்பு. மற்ற 31 அணிகளின் தாள் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை.

மார்ச்சிலேயே பூட்டிவிட்டார்களே, செப்டம்பரில் சீசன் தொடங்குமா?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

கதவடைப்பின் போக்கைப் புரிந்துகொள்ள அறிக்கைகளைப் படித்துப் பயனில்லை, காலண்டரைப் பார்க்க வேண்டும். யாருக்கு எந்த மாதத்தில் பணம் நிற்கும் என்று கேளுங்கள். 2011-ல் வீரர்களின் சம்பளம் செப்டம்பரில் தொடங்கி 17 வாரக் காசோலைகளாக வரும். மார்ச்சில் பூட்டினால் பெரும்பாலானவர்களுக்கு உடனே கை கடிக்காது. மருத்துவக் காப்பீட்டுக்கு அணி பணம் கட்டுவது நிற்கும், சிலருக்கு வசந்தகால போனஸ் போகும், அவ்வளவுதான். உரிமையாளர்களுக்கும் மார்ச்சில் ஆட்ட வருமானம் கிடையாது. ஆக மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் இரு தரப்பும் சவடால் விடலாம், செலவில்லை. ஆகஸ்டில் பயிற்சி ஆட்டங்கள் தொடங்குகின்றன. அந்த ஆட்டங்களில் வீரருக்குக் கிடைப்பது சொற்பமான படிக்காசு, உரிமையாளருக்கோ முழு டிக்கெட் பணம். அங்கேதான் முதல் வலி, அதுவும் பூட்டியவருக்கு. செப்டம்பரில் வலி இரு பக்கமும் வரும்.

2011-ல் அப்படியேதான் நடந்தது. மார்ச் 12-ல் பூட்டு. ஜூலை 21-ல் உரிமையாளர்கள் 31-0 என்று ஒப்பந்தத்தை ஏற்றார்கள், ஓக்லாண்ட் ரெய்டர்ஸ் மட்டும் வாக்களிக்கவில்லை. ஜூலை 25-ல் வீரர்களின் பிரதிநிதிகள் சம்மதித்தார்கள். நாலரை மாதச் சண்டையில் ரத்தானது ஆகஸ்ட் தொடக்கத்தில் கேன்டன் ஊரில் நடக்கவிருந்த ஒரே ஒரு பயிற்சி ஆட்டம். செப்டம்பர் 8-ல் பேக்கர்ஸ், நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸை 42-34 என்று வென்று சீசனைத் தொடங்கி வைத்தது. ஏப்ரல் மாதத்தில் "எல்லாம் போச்சு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்கள் நான் உட்பட ஏராளம்.

ஒரு எச்சரிக்கை. யாராவது ஒரு தரப்பு பசியில்லாமல் காத்திருக்க வழி செய்துகொண்டால் இந்தக் கணக்கு தப்பிவிடும். உரிமையாளர்கள் அதற்கு முயன்றார்கள். ஆட்டமே நடக்காவிட்டாலும் 2011-ல் சுமார் 400 கோடி டாலர் தங்களுக்கு வரும்படி டிவி நிறுவனங்களோடு முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். இது வீரர்களுக்குச் செய்த ஒப்பந்த மீறல் என்று மினசோட்டாவில் நீதிபதி டேவிட் டோட்டி மார்ச் 1-ல் தீர்ப்பளித்தார். கதவடைப்பு தொடங்குவதற்கு 11 நாள் முன்பே அதன் முதுகெலும்பில் விழுந்த அடி அது என்பது என் எண்ணம். அடுத்தமுறை இப்படி ஒரு பேச்சு வந்தால் முதலில் டிவி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடுங்கள்.

சங்கம் தன்னைத்தானே ஏன் கலைத்துக்கொண்டது?

கேட்பதற்கு விசித்திரம்தான். பூட்டு விழுவதற்கு முதல்நாள், மார்ச் 11-ல், "இனி நாங்கள் சங்கமே இல்லை" என்று அறிவித்தார்கள். காரணம் சட்டத்தில் இருக்கிறது. 32 முதலாளிகள் கூடி ஒரே மாதிரி ஊதிய விதி வைப்பது பொதுவாக ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு விரோதம். சங்கத்தோடு பேசி ஒப்பந்தம் போட்டிருந்தால் அதற்கு விலக்கு உண்டு. சங்கம் இல்லையென்றால் விலக்கும் இல்லை. அன்றே டாம் பிரேடி, பெய்டன் மேனிங், டுரூ பிரீஸ் போன்ற நட்சத்திர வீரர்கள் உள்ளிட்ட பத்துப் பேர் வழக்குப் போட்டார்கள்.

ஏப்ரல் 25-ல் நீதிபதி சூசன் நெல்சன் கதவைத் திற என்றார். மறுநாள் சில வீரர்கள் அணி அலுவலகத்துக்குப் போனபோது உள்ளே விட்டார்கள், ஆனால் உடற்பயிற்சிக் கூடத்தைத் திறக்கவில்லை. காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். 29-ம் தேதி மாலை மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது, மறுபடி பூட்டு. ஜூலை 8-ல் அதே நீதிமன்றம் 2-1 என்று உரிமையாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தொழில் தகராறுகளில் நீதிமன்றம் தடை போடக்கூடாது என்று தொழிலாளர்களைக் காப்பதற்காக 1932-ல் வந்த சட்டம் கடைசியில் முதலாளிகளுக்குக் குடைபிடித்தது. நீதிமன்றத்தில் யாரும் முழுதாக ஜெயிக்கவில்லை. அதனால்தான் பேச்சு மேசைக்குத் திரும்பினார்கள் என்றும் சொல்லலாம்.

டிராஃப்ட் நடக்குமா?

நடந்தது. நியூயார்க் ரேடியோ சிட்டி அரங்கில் லீக்கின் தலைமை நிர்வாகியான கமிஷனர் ராஜர் குட்டெல் மேடையேறியதும் கூட்டம் ஊளையிட்டது, "எங்களுக்கு ஃபுட்பால் வேண்டும்" என்று கத்தியது. தேர்வான இளைஞர்கள் தொப்பி போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியவில்லை.

சீசன் டிக்கெட்டுக்குக் கட்டிய பணம் என்ன ஆகும்?

நடக்காத ஆட்டத்துக்கான பணம் பொதுவாகத் திரும்பக் கிடைக்கும், அல்லது அடுத்த ஆண்டுக் கணக்கில் வரவு வைப்பார்கள். விதி அணிக்கு அணி மாறும், புதுப்பிக்கும் முன் அந்தக் கடிதத்தின் பொடி எழுத்தைப் படியுங்கள். எப்போது திருப்புவார்கள் என்பதுதான் முக்கியம்: ஆட்டம் ரத்தானதுமா, சீசன் முடிந்தபிறகா?

திரும்பி வராத பணங்கள் வேறு. சில மைதானங்களில் டிக்கெட் வாங்கும் உரிமைக்கே தனியாக ஆயிரக்கணக்கில் கட்டியிருப்பீர்கள், கதவடைப்பு என்று அதைத் திருப்ப மாட்டார்கள். விமான டிக்கெட், ஓட்டல் முன்பதிவு உங்கள் பாடு. வெளியூர் ஆட்டம் பார்க்கக் குடும்பத்தோடு திட்டம் போடுபவர்கள் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், பத்து டாலர் கூடுதலானாலும் பரவாயில்லை.

கோடீஸ்வரர்களுக்கும் லட்சாதிபதிகளுக்கும் சண்டை. இதில் நாம் ஏன் பக்கம் எடுக்க வேண்டும்?

எடுக்கவேண்டாம். ஆனால் இந்த வசனத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது கொஞ்சம் சோம்பேறித்தனம்.

டாம் பிரேடியைப் பார்த்து எல்லா வீரர்களையும் எடைபோட முடியாது. 2011-ல் புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 3,75,000 டாலர். நல்ல பணம்தான், ஆனால் எத்தனை ஆண்டுக்கு? ஒருவரின் ஆட்டக்காலம் சராசரி மூன்றரை ஆண்டுக்கும் குறைவு என்கிறது சங்கம். புதுமுகமாக வந்து முதல் ஆட்டத்தன்று அணியில் இருந்தவர்களை மட்டும் எடுத்தால் ஆறு ஆண்டு என்கிறது லீக். ஆறு என்றே வைத்துக்கொள்வோம். 28 வயதில் முழங்கால் போய், தலையில் வாங்கிய அடிகளோடு வீட்டுக்கு வருகிற ஆள் அவர். எழுதிக்கொடுத்த சம்பளத்தில் பெரும்பகுதிக்கு உறுதியும் கிடையாது, நாளைக்கே நீக்கிவிடலாம். அதனால்தான் 18 ஆட்டம் என்றதும் அவ்வளவு கொதிப்பு. 2011 உடன்பாட்டில் 18 ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வைத்தார்கள், ஒரே நாளில் இருமுறை கடும் பயிற்சி என்ற வழக்கமும் ஒழிந்தது. என்னைக் கேட்டால் வீரர்கள் அங்கே வென்றது பணத்தைவிடப் பெரிசு. பணத்தில் கீழேதான் இறங்கினார்கள்: எல்லா வருமானத்திலும் சேர்த்துக் குறைந்தது 47 சதவீதம், பத்தாண்டு ஒப்பந்தம்.

மாற்று ஆட்களை வைத்து ஆட்டம் நடத்துவார்களா?

1987-ல் நடத்தினார்கள். வேலைநிறுத்தம் 24 நாள். ஒரு வாரம் ரத்து, மூன்று வாரம் மாற்று ஆட்கள். கண்டகண்ட வேலையில் இருந்தவர்கள், முன்பு அணியிலிருந்து கழிக்கப்பட்டவர்கள் எல்லாம் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்கள். டிவியும் ஒளிபரப்பியது.

தொழிற்சங்க ஊரான ஃபிலடெல்ஃபியாவில் அக்டோபர் 4 அன்று மைதானத்துக்கு வெளியே லாரி ஓட்டுநர்கள் சங்கத்தினர் மறியல் செய்தார்கள். உள்ளே போனவர்கள் 4,074 பேர். அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கை உள்ள மைதானம் அது. வாஷிங்டனில் கதை வேறு: அந்த அணியின் ஒரு வீரர்கூட வேலைநிறுத்தத்தை மீறி ஆடப் போகவில்லை. முழுக்க மாற்று ஆட்களான அணி, நட்சத்திரங்கள் பலர் திரும்பியிருந்த டல்லஸை 13-7 என்று வீழ்த்தியது. மூன்று ஆட்டத்திலும் வென்று கொடுத்தார்கள். அந்த சீசனின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலையும் வாஷிங்டன் வென்றது. மாற்று ஆட்களுக்கு வெற்றி பெற்ற அணிக்கான மோதிரம் கிடைத்தது 2018-ல்தான், முப்பது ஆண்டு கழித்து.

ஆட்டத்தின் பெயரும் சட்டையும் இருந்தால் ஒரு பகுதிக் கூட்டம் வரும் என்பதை 1987-ல் உரிமையாளர்கள் கண்டுகொண்டார்கள். 2011-ல் அந்த வழியில் போகவில்லை. 2012-ல் நடுவர்களிடம் அதைக் காட்டினார்கள்.

நடுவர்களையும் பூட்டினார்களா?

ஆமாம். 2012 சீசனின் முதல் மூன்று வாரம் மாற்று நடுவர்கள் விசில் ஊதினார்கள். செப்டம்பர் 24 இரவு, சியாட்டிலில் கடைசி நொடி. உயரப் பறந்து வந்த பந்தை கிரீன் பே வீரரும் சியாட்டில் வீரரும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு விழுகிறார்கள். பக்கத்தில் நின்ற இரண்டு நடுவர்களில் ஒருவர் கையை உயர்த்தி டச்டவுன், அதாவது சியாட்டிலுக்குப் புள்ளி, என்கிறார், இன்னொருவர் கையை ஆட்டி ஆட்டத்தை நிறுத்துகிறார். சியாட்டிலுக்கு வெற்றி கொடுத்தார்கள். அந்தப் படம் மறுநாள் எங்கும் ஓடியது. இரண்டாம் நாள் இரவே நடுவர்களோடு ஒப்பந்தம் முடிந்தது. ரசிகர்களின் கோபம் நேரடியாக ஒரு பூட்டைத் திறந்த சம்பவம் என்று எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

முழு சீசனும் போன வரலாறு உண்டா?

என்எஃப்எல்-இல் இல்லை. 1982 வேலைநிறுத்தம் 57 நாள் நீடித்து, சீசன் 9 ஆட்டமாகச் சுருங்கியது. ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்-இல் 2004-05 சீசன் முழுக்கவே கதவடைப்பில் போயிற்று.

பேஸ்பாலில் 1994-ல் ஆகஸ்ட் 12-ல் வேலைநிறுத்தம் தொடங்கி, இறுதிப்போட்டியான உலகத் தொடரே ரத்தானது. அன்றைக்கு லீக்கிலேயே சிறந்த கணக்கு வைத்திருந்த அணி மான்ட்ரியல் எக்ஸ்போஸ், 74 வெற்றி, 40 தோல்வி. மான்ட்ரியலில் அந்த அணிக்கு அப்படி ஒரு ஆண்டு மறுபடி வரவே இல்லை. பத்து ஆண்டு கழித்து ஊரைக் காலி செய்து வாஷிங்டனுக்குப் போய்விட்டார்கள்.

பூட்டியிருக்கும்போது வீரர்கள் என்ன செய்வார்கள்?

டுரூ பிரீஸ் நியூ ஆர்லியன்ஸின் துலேன் பல்கலைக்கழக மைதானத்தில் சக வீரர்களைக் கூட்டி, பயிற்சியாளர் இல்லாமலே பயிற்சி நடத்தினார். சாட் ஓச்சோசின்கோ நம்ம ஊர் அர்த்தத்தில் உள்ள கால்பந்துக்கே போய் ஒரு தொழில்முறை அணியில் தேர்வுக்கு நின்றார். அது கைகூடாமல், முரட்டுக் காளை மேல் ஏறிச் சவாரி செய்யப் பார்த்தார். ஒன்றரை நொடி தாங்கினார்.

சிரிப்பை விடுங்கள், ஒழுங்கான பயிற்சி இல்லாததன் விலை ஆகஸ்டில் தெரிந்தது. முகாம் தொடங்கிய முதல் 12 நாளில் பத்து வீரர்களுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது.

உண்மையில் யாருக்கு நட்டம்?

பேச்சு மேசையில் இல்லாதவர்களுக்கு. சில அணிகள் அலுவலக ஊழியர்களின் சம்பளத்தை வெட்டின, வேறு சில அணிகள் மாதத்துக்கு ஒரு வாரம் சம்பளமில்லா விடுப்பு கொடுத்தன. மைதானத்தில் பீர் விற்பவர், வண்டி நிறுத்த இடம் காட்டுபவர் எல்லாம் ஆட்டத்துக்கு ஆட்டம் கூலி வாங்குபவர்கள்.

மேரிலாந்தில் வெஸ்ட்மின்ஸ்டர் என்றொரு சிற்றூர். பால்டிமோர் ரேவன்ஸ் அணி 1996 முதல் ஒவ்வொரு கோடையும் அங்குள்ள கல்லூரியில் பயிற்சி முகாம் நடத்தும். அனுமதி இலவசம். டிக்கெட் வாங்க முடியாத குடும்பங்கள் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து, வேலியோரம் நின்று கையெழுத்து வாங்கும். 2011-ல் கதவடைப்பு எப்போது முடியும் என்று தெரியாததால் முகாமைத் தங்கள் சொந்த வளாகத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். ஒரு ஆண்டுக்குத்தான் என்று ஊர் நினைத்தது. அணி திரும்பவே இல்லை. சீசன் ஆட்டம் எதுவும் ரத்தாகவில்லை என்று வெற்றிக்கணக்கு சொல்பவர்கள் இந்த ஊரைச் சேர்ப்பதில்லை.

ரசிகர்களுக்குப் பேச்சில் இடமே இல்லையா?

சட்டப்படி இல்லை. தார்மீகமாகப் பார்த்தால் நிறைய இடம் இருக்கவேண்டும். சின்சினாட்டி மைதானத்துக்காக ஹாமில்டன் கவுண்டி மக்கள் 1996 முதல் கடையில் வாங்கும் பொருளுக்கு டாலருக்கு அரை சென்ட் கூடுதல் வரி கட்டுகிறார்கள், ஃபுட்பாலே பார்க்காதவர்கள் உட்பட. ஆட்டம் நடக்காவிட்டாலும் வரி நிற்காது. உங்கள் ஊர் மைதானத்துக்குப் பொதுப்பணம் கேட்டு வாக்கெடுப்பு வந்தால், கதவடைப்பு நாளில் வாடகை யார் கட்டுவது என்று அப்போதே கேளுங்கள். கைப்பிடி இருப்பது அங்கேதான்.

அடுத்த ஆபத்து எப்போது?

இப்போதைய ஒப்பந்தம் 2020 மார்ச்சில் வீரர்கள் வாக்களித்து ஏற்றது: ஆதரவு 1,019, எதிர்ப்பு 959. அறுபது ஓட்டு வித்தியாசம். 2011-ல் வாசலில் விரட்டிய ஆட்டக் கூடுதல் அதில் ஜன்னல் வழியே வந்து, 2021 முதல் 17 ஆகிவிட்டது. ஒப்பந்தம் 2030 சீசனோடு முடிகிறது. 18-வது ஆட்டப் பேச்சை இப்போதே வெளிப்படையாக எடுக்கிறார்கள். எனவே நடுவில் பேசி நீட்டிக்கவும் கூடும், இல்லையென்றால் 2031 வசந்தத்தில் மறுபடி நாம் இதே கேள்விகளோடு உட்காரவும் கூடும்.

முடியப்போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊடகங்களில் திட்டுவது குறையும். வழக்கறிஞர்கள் பின்னால் போய், உரிமையாளர் சிலரும் வீரர் சிலரும் நேருக்கு நேர் உட்காருவார்கள். 2011 கோடையில் அப்படி உட்கார்ந்தவர்களில் நியூ இங்கிலாந்து அணியின் உரிமையாளர் ராபர்ட் கிராஃப்டும் ஒருவர். மனைவி மைரா புற்றுநோயில் படுத்திருந்த நாட்களிலும் பேச்சுக்கு வந்துபோனார். ஜூலை 20-ல் மைரா இறந்தார். 25-ம் தேதி ஒப்பந்தத்தை அறிவித்த இடத்தில், இண்டியானபொலிஸ் அணியின் வீரர் ஜெஃப் சாட்டர்டே, ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற அகலமும் உள்ள ஆள், இவர் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்று சொல்லி, கேமராக்களுக்கு முன்னாலேயே கிராஃப்டை இழுத்து அணைத்துக்கொண்டார். கிராஃப்டின் தலை அவர் தோளில் புதைந்துபோயிற்று. மறுநாள் காலை அணிகளின் கதவு திறந்தது.